யாரா பள்ளத்தாக்கின் ஒயின் தோட்ட உணவகங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெல்பர்ன் நகரிலிருந்து வடகிழக்கே காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் சென்றால் யாரா பள்ளத்தாக்கு வந்துவிடும். விக்டோரியாவின் முதல் திராட்சைத் தோட்டம் இங்கே யெரிங் என்னும் இடத்தில் 1838-ஆம் ஆண்டு உருவானது. பிரான்சின் புகழ்பெற்ற ஷாம்பெயின் நிறுவனமான மொயெட் & ஷாண்டன், தன் ஆஸ்திரேலியக் கிளையை 1986-இல் தொடங்கியதும் இதே பள்ளத்தாக்கில்தான். பினோ நுவார் என்னும் சிவப்பு ஒயின், ஷார்டனே என்னும் வெள்ளை ஒயின் ஆகிய இரண்டுக்கும் பெயர்பெற்ற இந்தப் பகுதியில், தோட்டத்தோடு உணவகமும் நடத்துவோர் பலர் உள்ளனர். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கும்போதும், பிறந்த நாள், திருமண நாள் ஆகியவற்றுக்கும் மெல்பர்ன் தமிழ்க் குடும்பங்கள் இப்போது இங்கே செல்கின்றன. இரண்டு மூன்று பேர் அமர்ந்தாலே பில் சில நூறு டாலர்களை எட்டிவிடும். அவ்வளவு செலவு செய்துவிட்டு மனக்குறையோடு திரும்புவோரிடம் விசாரித்தால், பெரும்பாலும் இரண்டு காரணங்களே தெரியவருகின்றன. போவதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை; போன இடத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

முன்பதிவிலேயே தொடங்கும் தவறுகள்

நகரத்து உணவகத்தைப் போல எந்த நேரத்திலும் நுழைந்து மெனு அட்டையிலிருந்து விரும்பியதைத் தேர்ந்து உண்ணலாம் என்று எண்ணுவதே முதல் தவறு. இங்குள்ள உணவகங்களில் பெரும்பாலானவை மதிய உணவை மையமாகக் கொண்டவை. இரவு உணவு சில இடங்களில் வாரத்தின் சில நாட்களில் மட்டுமே கிடைக்கும். வாரத் தொடக்கத்தில் முழுமையாக மூடியிருக்கும் இடங்களும் உண்டு. வார இறுதியில் பல சமையலறைகள் இரண்டு அல்லது மூன்று சுற்றுகள் கொண்ட செட் மெனுவை மட்டுமே தருகின்றன. ஆட்கள் கூடுதலாக இருந்தால் பகிர்ந்துண்ணும் வகையிலான ஒரே மெனுதான் என்று சொல்லிவிடுவார்கள். முன்பதிவின்போது கடன் அட்டை எண்ணைக் கேட்பதும், சொல்லாமல் வராமல் போனால் தலைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வதும் இங்கே வழக்கம். ஆகவே, எட்டுப் பேருக்குப் பதிவு செய்துவிட்டு ஆறு பேராகப் போகும் பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது.

பலருக்குத் தெரியாத இன்னொரு செய்தியும் உண்டு. ஒயினைச் சுவைத்துப் பார்க்கும் கூடமான செல்லர் டோரும் உணவகமும் ஒரே வளாகத்தில் இருந்தாலும், பெரும்பாலும் அவை தனித்தனிக் குழுக்களால் நடத்தப்படுகின்றன. முன்பதிவும் தனி, பில்லும் தனி. பன்னிரண்டரை மணிக்கு மேசை இருக்கிறது என்று பன்னிரண்டே காலுக்குச் சுவைபார்ப்பில் போய் நின்றால், நான்காவது ஒயினுக்கு வருவதற்குள் உங்கள் மேசை நேரம் கடந்துவிடும். சுவைபார்ப்புக்கு முக்கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள். மேலும், ஒரே நாளில் நான்கு தோட்டங்கள் என்று திட்டமிடுவது எதையும் அனுபவிக்கவிடாது. ஒன்றில் சுவைபார்ப்பு, மற்றொன்றில் உணவு என்று வைத்துக்கொண்டாலே நாள் நிறைந்துவிடும்.

‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்வது

நம்மவர்களின் மனக்குறைகளில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் பிறக்கின்றன என்பது என் கணிப்பு. எனவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலியச் சமையலறையில் வெஜிடேரியன் என்றால் இறைச்சியும் மீனும் இல்லை என்று பொருள். முட்டை இல்லை என்று பொருளாகாது. கையால் உருட்டிய பாஸ்தாவில் முட்டை இருக்கும். மயோனைஸில் இருக்கும். கஸ்டர்டிலும் கேக்கிலும் சொல்லவே வேண்டாம். முட்டையைத் தாண்டியும் கவனிக்க வேண்டியவை உள்ளன. பூசணி ரிசோட்டோ முழுச் சைவமாகத் தெரிந்தாலும், அரிசியை வேகவைத்த சாறு கோழி எலும்பிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். மேலே துருவிப் போடும் அசல் பார்மீஜானோ பாலாடைக்கட்டி, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைக் கொண்டு பாலை உறையவைத்துச் செய்யப்படுவது. பனகோட்டா என்ற இனிப்பு குலுங்கிக்கொண்டு நிற்பது ஜெலட்டினால். அது விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் கிடைப்பது. சாலடின் மேல் ஊற்றும் சாஸில் நெத்திலி கரைந்திருக்கலாம்.

இதற்கெல்லாம் பயந்து ‘வீகன்’ என்று சொல்லிவிடுவோரும் உள்ளனர். அதனால் வெண்ணெய், தயிர், பாலாடைக்கட்டி என்று நாம் தாராளமாக உண்ணக்கூடியவை அனைத்தும் தட்டிலிருந்து போய்விடும். கடைசியில் மிஞ்சுவது வறுத்த காய்கறியும் ஒரு கரண்டிப் பழ ஐஸும்தான். ‘பால் பொருள்கள் உண்போம், முட்டை, இறைச்சி, மீன், எலும்புச் சாறு, ஜெலட்டின் ஆகிய எதுவும் கூடாது’ என்று முன்பதிவுக் குறிப்பில் ஒரே வரியில் எழுதுவதே சரியான வழி. இரண்டு நாள் முன்பாகத் தொலைபேசியில் அதை உறுதி செய்துகொள்ளுங்கள். மேசையில் அமர்ந்ததும் இன்னொரு முறை நினைவூட்டுங்கள். நேரம் கிடைத்த சமையற்காரர் உங்களுக்கென்று நல்ல உணவு ஒன்றைச் செய்து தருவார். அமர்ந்த பிறகு தெரிய வந்தால் இருப்பதிலிருந்து எதையாவது எடுத்துவிட்டுத்தான் தருவார். இரண்டுக்கும் நீங்கள் கொடுக்கும் விலை ஒன்றே.

மது அருந்தாதவர்களும், ஹலால் உணவை நாடுபவர்களும் ஒயின் தோட்டத்தில் கூடுதலாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இங்கே ஒயின் குவளையில் மட்டும் இருப்பதில்லை. இறைச்சிக் குழம்பிலும், பேரிக்காயை வேகவைக்கும் பாகிலும், சில நேரம் சாலட் சாஸிலும் இருக்கும். கொதித்தால் ஆல்கஹால் முழுவதும் ஆவியாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. சமைக்கும் நேரத்தைப் பொறுத்து ஒரு பகுதி தங்கவே செய்யும். சைவத்தில் உறுதியாக இருந்துகொண்டு ஒயின் மட்டும் அருந்துவோரும் கேட்க வேண்டியது உண்டு. ஒயினைத் தெளியவைக்க முட்டையின் வெள்ளைக்கரு, பாலின் புரதம், மீனின் காற்றுப்பை, ஜெலட்டின் ஆகியவற்றைப் பயன்படுத்தும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. இவற்றைத் தவிர்த்துச் செய்த ஒயின்கள் எவை என்று தோட்டத்து ஊழியரிடமே கேட்கலாம். தயாரித்த இடத்திலேயே கேட்பதால் தெளிவான பதில் கிடைக்கும்.

முதல் மடக்கைப் புரிந்துகொள்ளாமல் தலையாட்டுவது

முழு பாட்டில் வாங்கினால் பரிமாறுபவர் அதன் லேபிளை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார். பெயரை மட்டும் பார்க்காமல் ஆண்டையும் பாருங்கள். பட்டியலில் அச்சிட்ட ஆண்டு தீர்ந்து அடுத்த ஆண்டின் பாட்டில் வந்திருக்கலாம். பிறகு ஒருவர் குவளையில் மட்டும் சிறிது ஊற்றிவிட்டு நிற்பார். உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று அறிவதற்காக அவர் நிற்கவில்லை. ஒயின் கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று பார்க்கவே நிற்கிறார். குவளையின் தண்டைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுழற்றி, மூக்கை உள்ளே கொண்டுபோய் முகர்ந்தாலே போதும். மழையில் நனைந்து மூலையில் கிடந்த அட்டைப்பெட்டியின் வாடை வந்தால், தக்கையில் உருவாகும் டிசிஏ என்ற வேதிப்பொருள் ஒயினைக் கெடுத்திருக்கிறது என்று அறியலாம். தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்னும் வெள்ளை ஒயினைத் தயாரிப்பவர்கள் 2000-ஆம் ஆண்டில் ஒன்றுசேர்ந்து திருகுமூடிக்கு மாறியதிலிருந்து ஆஸ்திரேலியாவில் தக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. அதனால் இந்தக் குறை இப்போது அரிது. இருந்தாலும் சந்தேகம் வந்தால், ‘நீங்களே ஒருமுறை முகர்ந்து பாருங்கள்’ என்று பணிவாகச் சொல்லுங்கள். நல்ல உணவகம் வாக்குவாதமின்றி மாற்றித் தரும்.

பிடிக்கவில்லை என்பதற்காக நல்ல ஒயினைத் திருப்பி அனுப்பக் கூடாது. பிடிக்குமா என்று தெரியாவிட்டால் திறப்பதற்கு முன்பே கேளுங்கள். குவளைக் கணக்கில் விற்கும் ஒயின்கள் ஏற்கெனவே திறந்திருப்பதால் ஒரு மடக்கு ஊற்றித் தருவதற்குப் பெரும்பாலும் தயங்கமாட்டார்கள். கோடை நாளில் வெளி மேசையில் அமர்ந்திருந்தால், பினோ நுவார் வெதுவெதுப்பாகி மணம் மங்கிவிடும். அதற்கு உகந்த வெப்பம் 13 முதல் 16 டிகிரி வரை. சிவப்பு ஒயினைப் பத்து நிமிடம் பனிக்கட்டி வாளியில் வைக்கச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

குவளைகளை எண்ணிக் கணக்கிடுவது

இதில் நான் கண்டிப்பானவன். விக்டோரியாவில் முழு உரிமம் பெற்ற ஓட்டுநருக்கு இரத்த ஆல்கஹால் வரம்பு 0.05 விழுக்காடு; எல் (பழகுநர்), பி (புதிதாக உரிமம் பெற்றவர்) பலகை வைத்திருப்போருக்குப் பூஜ்யம். ஆஸ்திரேலியாவில் ஒரு ‘ஸ்டாண்டர்ட் டிரிங்க்’ என்பது 10 கிராம் ஆல்கஹால், 13.5 விழுக்காடு ஒயின் என்றால் சுமார் 100 மில்லி. ஆனால் உணவகத்தில் ஒரு குவளை பொதுவாக 150 மில்லி, அதாவது 1.6 ஸ்டாண்டர்ட் டிரிங்க் அளவு. ஒவ்வொரு சுற்று உணவுக்கும் பொருத்தமான ஒயின் என்று நான்கு முறை 75 மில்லி வந்தால், ‘அரைக் குவளைதானே’ என்று தோன்றினாலும் மொத்தம் 3 அளவைத் தாண்டிவிடுகிறது. அதற்கு முன் செல்லர் டோரில் ஐந்து வகைகளை 30 மில்லி வீதம் விழுங்கியிருந்தால் அதுவே தனியாக இன்னும் ஒரு முழுக் குவளை. உடல் ஒரு அளவைக் கரைக்கச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். காபியும் குளிர்ந்த நீரும் அதை விரைவுபடுத்தா. ஓட்டப்போவது யார் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள், இல்லையேல் வேன் அமர்த்திக்கொள்ளுங்கள். சுவைபார்ப்பில் ஒயினைத் துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருக்கிறார்கள். அதைப் பயன்படுத்துவது மரியாதைக் குறைவு அன்று. போதை ஏறிய ஒருவருக்கு மேலும் ஊற்ற ஊழியர் மறுத்தால் அவர் சட்டப்படிதான் நடக்கிறார். அதை அவமானமாக எடுத்துக்கொண்டு சண்டையிட வேண்டாம்.

சேவையைத் தவறாக எடைபோடுவது

மேசையருகே ஒருவர் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பது நம் ஊர் விருந்தோம்பல். இந்நாட்டில் உண்பவர் பேச்சில் குறுக்கிடாமல் விலகி நிற்பதே நல்ல பணியாகக் கருதப்படுகிறது. கேட்காமல் பில்லைக் கொண்டுவந்து வைப்பதை ‘எழுந்து போங்கள்’ என்று சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள். எனவே நீங்கள்தான் கேட்க வேண்டும். கண்ணோடு கண் பார்த்துக் கையைச் சற்று உயர்த்தினால் வருவார்கள். விரலைச் சொடுக்கினால் அன்றைய பணி அத்துடன் கெட்டது. உண்மையான குறைகள் வேறு. உணவு அரை மணி நேரம் தாமதமாகியும் ஒருவரும் வந்து சொல்லாதது, ஒவ்வாமையைச் சொன்ன பிறகும் அதே பொருள் தட்டில் வருவது, தங்கள் தோட்டத்து ஒயினைப் பற்றியே ஒரு கேள்விக்கும் பதில் தெரியாதது ஆகியவற்றுக்கு நீங்கள் கோபப்படலாம்.

ஆனால் அதை எப்போது சொல்கிறோம் என்பது முக்கியம். மீன் உள்ளே வேகாமல் வந்திருக்கிறது; பரிமாறுபவர் வந்து ‘எல்லாம் நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்கிறார். மேசையில் அனைவரும் சிரித்துத் தலையாட்டுகிறார்கள். வீடு வந்ததும் கூகுளில் ஒற்றை நட்சத்திரம் விழுகிறது. இதனால் உங்களுக்கு வேறு மீன் கிடைக்கவில்லை, அவர்களுக்குத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பும் கிடைக்கவில்லை. இரண்டு வாய் உண்டதும் சொல்லுங்கள். தட்டு காலியான பிறகு சொன்னால் எவருக்கும் நம்பிக்கை வராது. பிறகு மதிப்புரை எழுதினாலும், சொன்னபோது என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுவதே நேர்மை.

பில்லில் ஞாயிற்றுக்கிழமைக்கோ பொது விடுமுறைக்கோ 10 அல்லது 15 விழுக்காடு கூடுதல் கட்டணம் சேர்ந்திருந்தால் அது ஏமாற்று அன்று. அந்த நாட்களில் ஊழியருக்குக் கூடுதல் ஊதியம் தர வேண்டியிருப்பதால் விதிக்கப்படுவது, மெனுவிலேயே அச்சிட்டிருக்கும். டிப்ஸ் கட்டாயம் இல்லை.

உணவு முடிந்ததும் படம் எடுப்பதற்காகக் கொடி வரிசைகளுக்குள் நுழைவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். கொடியின் வேரைத் தின்னும் ஃபிலாக்சரா என்னும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத பூச்சி, 2006-இல் யாரா பள்ளத்தாக்கில் கண்டறியப்பட்டது. அதைக் கொல்ல மருந்து இல்லை. பூச்சி தாக்கிய கொடிகளைப் பிடுங்கிவிட்டு, அதைத் தாங்கும் அமெரிக்க வேர்களில் ஒட்டுக்கட்டிய கன்றுகளை நடுவதே வழி. செருப்பில் ஒட்டிய மண்ணோடு அது அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். ஐம்பது ஆண்டுக் கொடியை ஒரு படத்துக்காக ஆபத்தில் தள்ளலாமா? புல்தரையிலோ நடைபாதையிலோ நின்று எடுத்தாலும் பின்னணி அழகாகவே அமையும்.

ஒயின் வாங்கினால், கோடையில் அதைக் கார் டிக்கியில் வைத்துவிட்டு அடுத்த இடம் பார்க்கப் போகாதீர்கள். வெளியே 35 டிகிரி இருக்கும் நாளில் மூடிய காருக்குள் வெப்பம் அதைவிட மிகவும் ஏறி, ஒயின் வெந்து பழமணம் போய்விடும். உணவுக்குப் பிறகு எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னால் செல்லர் டோரிலேயே வைத்திருப்பார்கள். பெட்டிக் கணக்கில் வாங்கினால் பல தோட்டங்கள் வீட்டுக்கே அனுப்பிவைக்கின்றன.