மீச்சமச்சீர்மை அளபுருக்களுக்கு வரம்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காட்டிலும், கணவாய்க்கு இப்பால் கோயம்புத்தூரிலும் மீச்சமச்சீர்மையை (அறியப்பட்ட ஒவ்வொரு துகளுக்கும் ஓர் இணைத்துகள் உண்டு என்னும் கோட்பாடு, supersymmetry) ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ளும் முதுநிலை மாணவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை, அளபுருக்களுக்கு, அதாவது கோட்பாடு தானே நிர்ணயிக்காத எண்களுக்கு, இடப்பட்ட ஒரு வரம்பை அதன் நிபந்தனைகளிலிருந்து பிரித்தெடுத்துப் பயன்படுத்துவதால் வருபவை.

குவார்க்குகளைப் பிணைக்கும் குளூயானின் இணைத்துகளான குளூயினோவின் நிறை 2 டெரா எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல்தான் இருக்க வேண்டும் என்ற கூற்றையே எடுத்துக்கொள்வோம். செர்ன் ஆய்வகத்தில் துகள் மோதல்களை ஆராயும் அட்லஸ், சிஎம்எஸ் குழுக்கள் தந்த அந்த எல்லை, குளூயினோ ஒரே வழியில் மட்டும் சிதைகிறது என்றும், முடிவில் எஞ்சும் நியூட்ராலினோ என்ற மின்னூட்டமற்ற துகள் மிக இலேசானது என்றும் வைத்துக்கொண்ட எளிமையாக்கப்பட்ட மாதிரிகளுக்கு உரியது. முழு மாதிரியிலோ சிதைவு வழிகள் பல. ஒரு வழிக்குரிய எல்லையை அப்படியே முழு மாதிரியின் மேல் சுமத்துவது, வாளையாறு சோதனைச் சாவடியில் மட்டும் நின்று பார்த்துவிட்டு, வேலந்தாவளத்தையும் கோபாலபுரத்தையும் மறந்து, கேரளத்துக்குள் லாரியே போகவில்லை என்று எழுதிக்கொள்வதற்கு ஒப்பானது. மேலும், குளூயினோவுக்கும் நியூட்ராலினோவுக்கும் இடையிலான நிறை வேறுபாடு சிறிதானால், வெளிப்படும் துகள்தாரைகளின் ஆற்றல் குறைந்து, நிகழ்வுகள் பின்னணியில் மறைந்துவிடுவதால், எல்லை வெகுவாகக் கீழிறங்கும். ஆகவே, எடுத்துக்கொண்ட அளபுருப் புள்ளிக்குரிய (அளபுருக்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு வைத்த தொகுதிக்குரிய) சிதைவு விகிதங்களைக் கணக்கிட்டு, மோதல்களைக் கணினியில் உருவாக்கி, அந்தத் தேடலின் தெரிவு விதிகளைக் கடந்து எத்தனை நிகழ்வுகள் மிஞ்சுகின்றன என்று பார்த்த பின்னரே அப்புள்ளியை விலக்கலாம்.

மிகச்சிறு மீச்சமச்சீர் மாதிரியில் புதிய அளபுருக்கள் 105. அதன் கட்டுப்படுத்தப்பட்ட வடிவத்திலோ நான்கு எண்களும் ஒரு குறியும் மட்டுமே. பின்னது நெருக்கடியில் இருப்பதைக் கொண்டு மீச்சமச்சீர்மையே பொய்த்தது என்று முடிவு கட்டக் கூடாது.

2012இல் கண்டறியப்பட்ட ஹிக்ஸ் துகளின் நிறை, 125 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி, மிகச் சிறிய பிழையுடன் அளக்கப்பட்டுள்ளது. ஆனால் மாதிரியிலிருந்து அந்த நிறையைக் கணிப்பதில் 2 முதல் 3 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் வரை ஐயப்பாடு கொள்வது வழக்கம். பரிசோதனைப் பிழையை மட்டும் சேர்த்துக் கணக்கிடுவோர் நல்ல புள்ளிகளை வீணாகத் தள்ளிவிடுகிறார்கள். இது எளிதில் கண்ணில் படாத பிழை என்பதால் கூடுதல் கவனம் வேண்டும்.

ஒளியை உமிழாத கரும்பொருளின் (dark matter) எச்சச் செறிவு, அதாவது அண்டத்தில் இன்று எஞ்சியுள்ள அளவு, 0.12 என்ற மதிப்பைச் சமனாகக் கொள்கிறோமா, மேல் எல்லையாகக் கொள்கிறோமா என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மேல் எல்லையாகக் கொண்டால், நியூட்ராலினோ கரும்பொருளின் ஒரு பங்காக மட்டுமே இருக்கக்கூடும். அப்போது நேரடிக் கண்டறிதல் ஆய்வுகளுக்கான சிதறல் வீதத்தையும் அதே பங்கின்படி குறைத்துக்கொள்ள வேண்டும். முதலாவதைச் செய்து இரண்டாவதை மறப்பது தன் கணக்கையே முரணாக்கும்.

எலெக்ட்ரானின் கனமான உறவுத் துகளான மியூயானின் காந்தத் திருப்புத்திறனில், அளவீட்டுக்கும் கோட்பாட்டுக்கும் இடையே 2021இல் 4.2 திட்டவிலக்க வேறுபாடு பேசப்பட்டது. கால-வெளியைப் புள்ளிகளின் வலையாகக் கொண்டு கணினியில் செய்யும் (lattice) கணிப்புகளை ஏற்று 2025இல் வெளியான கோட்பாட்டு மதிப்பு அளவீட்டோடு ஒத்துப்போகிறது. பழைய வேறுபாட்டை நிரப்புவதற்காக மியூயானின் இணைத்துகள்களான ஸ்மியூயான்கள் இலேசாக இருக்க வேண்டும் என்று கோரும் கட்டுரைகளின் வரம்புகளை இனி அப்படியே எடுத்தாளக் கூடாது.

கடைசியாக, அனுமதிக்கப்பட்ட பகுதி நாம் வைத்த தேடல் வீச்சின் விளிம்பைத் தொட்டால், வீச்சை விரித்து மீண்டும் கணக்கிட வேண்டும்; முன்நிகழ்தகவு (தரவைப் பார்க்கும் முன் அளபுருவின் மதிப்புகளுக்கு நாம் தரும் எடை) நேர்க்கோட்டு வகையாக இருக்கும்போது கிடைத்த பகுதி மடக்கை முன்நிகழ்தகவில் எவ்வளவு நகர்கிறது என்பதையும் வரைபடத்துடன் சேர்த்தே தர வேண்டும்.