அமெரிக்கக் கடையில் மலைத்து நிற்காமல் பொருள் வாங்க

ஒவ்வோர் ஆகஸ்டிலும் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள கொலம்பஸ் நகருக்குப் படிக்க வரும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வருவார். பால் வாங்கப் போயிருப்பார். பால் ஒரு சுவர் நீளத்துக்கு அடுக்கியிருந்திருக்கும். எதை எடுப்பது என்று தெரியாமல் நின்று நின்று, எரிச்சல் முற்றி வந்துவிட்டிருப்பார். இதைக் கேட்டு மற்றவர்கள் சிரிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தப் பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை. சராசரி அமெரிக்க சூப்பர் மார்க்கெட் ஒன்றில் 30,000க்கும் மேற்பட்ட வகைப் பொருள்கள் இருக்கின்றன.

விருதுநகரில் என் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். "துவரம் பருப்பு ஒரு கிலோ" என்று சொன்னால் போதும். எந்த ஊர்ப் பருப்பு, புதியதா பழையதா, நன்றாகக் குழையுமா என்பதையெல்லாம் மூட்டை வாங்கும்போதே அப்பா பார்த்து முடித்திருப்பார். பருப்பு வேகவில்லை என்றால் மறுநாள் வந்து அவரிடம் சண்டை போடலாம். இங்கே அந்தக் கடைக்காரர் இல்லை. அவர் செய்துவந்த வேலை முழுவதையும் வாங்குபவர் தலையில் ஏற்றிவிட்டார்கள். அந்த வேலையைக் கடையில் நின்றுகொண்டு செய்யாதீர்கள். வீட்டில் உட்கார்ந்து ஒரே முறை செய்துவிடுங்கள்.

ஊரில் வாரந்தோறும் உங்கள் வீட்டில் உண்மையில் எதையெல்லாம் வாங்கினீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இருபது பொருள்களைத் தாண்டுவது கடினம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு வகையை எழுதிக்கொண்டு, ஆறு மாதத்துக்கு அதை மாற்றாதீர்கள். அரிசி, பருப்பு, புளி, சப்பாத்தி மாவு ஆகியவற்றை இந்தியக் கடைக்கு ஒதுக்கிவிடுங்கள், பட்டியல் பாதியாகிவிடும். மிச்சத்துக்குச் சிறிய கடையாகப் பாருங்கள். ஆல்டி போன்ற கடையில் வகைகள் மிகக் குறைவு, விலையும் குறைவு. தள்ளுவண்டியை எடுக்க 25 சென்ட் நாணயம் ஒன்று வேண்டும், வண்டியைத் திரும்ப விட்டதும் நாணயம் கிடைத்துவிடும். காஸ்ட்கோவிலும் 4,000க்குள்தான் பொருள் வகைகள். ஆனால் ஆண்டுச் சந்தா 65 டாலர், எல்லாம் பெரிய பெரிய கட்டு. தனியாக இருக்கும் மாணவருக்கு அது சரிப்படாது.

இனி பால். கொழுப்பு அளவுதான் அடிப்படை வேறுபாடு. ஹோல் மில்க் என்றால் 3.25 சதவீதம். பிறகு 2 சதவீதம், 1 சதவீதம், கொழுப்பே இல்லாதது. காப்பிக்கும் தயிர் உறை ஊற்றவும் ஹோல் மில்க் எடுங்கள். மூடியின் நிறத்தை நம்பாதீர்கள், அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரு கேலன் என்பது ஏறத்தாழ 3.8 லிட்டர், ஒருவருக்கு அரை கேலன் போதும். "விட்டமின் டி" என்று போட்டிருந்தால் அது மருந்துப் பால் என்று ஒதுக்க வேண்டாம், ஹோல் மில்க் பலவற்றில் அப்படித்தான் எழுதியிருக்கும்.

தயிரில் கவனம் வேண்டும். வெனிலா தயிரும் சாதாரணத் தயிரும் பார்ப்பதற்கு ஒரே வெள்ளைதான். பரீட்சைக்கு முந்தைய இரவு ஒரு பெண் தயிர் சாதம் பிசைந்து, முதல் வாய் இனித்ததும் அழுதே விட்டாள். "பிளைன்", "ஹோல் மில்க்" ஆகிய இரண்டு சொற்களும் டப்பாவின் மேல் இருக்க வேண்டும். சைவம் சாப்பிடுபவர்கள் உள்ளடக்கப் பட்டியலில் ஜெலட்டின் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சில தயிர்களில் அதைச் சேர்க்கிறார்கள், அது விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது.

முட்டை ஓடு வெள்ளையா பழுப்பா என்பது கோழியின் இனத்தைப் பொறுத்தது. பழுப்புக்குக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். கோழி இறைச்சியில் "ஹார்மோன் சேர்க்காதது" என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். கோழிக்கு ஹார்மோன் கொடுப்பதே இந்த நாட்டுச் சட்டப்படி கூடாது. "நேச்சுரல்" என்ற சொல் அந்தப் பறவை எப்படி வளர்ந்தது என்பதைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. "ஆர்கானிக்" என்பது வளர்ப்பு விதிகளுக்கு உட்பட்ட முத்திரை. அது உங்களுக்கு வேண்டுமா என்பது உங்கள் பணப்பையைப் பொறுத்தது.

விலையை ஒப்பிட, அலமாரி விளிம்பில் ஒட்டிய சீட்டின் ஓரத்தைப் பாருங்கள். ஓர் அவுன்ஸுக்கு இவ்வளவு என்று பொடி எழுத்தில் இருக்கும். பெரிய விலையை மறந்துவிட்டு அதை மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு சீட்டில் அவுன்ஸ் கணக்கும் பக்கத்துச் சீட்டில் பவுண்டுக் கணக்கும் இருந்தால், ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ் என்று வகுத்துக்கொள்ளுங்கள். வரி இந்த விலையில் சேர்ந்திருக்காது. ஒஹாயோவில் வீட்டுக்கு வாங்கிப் போகும் உணவுக்கு விற்பனை வரி இல்லை. சோப்புக்கும் குளிர்பானத்துக்கும் உண்டு.

மருந்து அலமாரி

இங்கே அவசரமே கூடாது. ஊரில் காய்ச்சல் என்றால் ஒரு டோலோ 650 வாங்கிப் போட்டுக்கொள்வோம். அது பாரசிட்டமால். அமெரிக்காவில் அதே மருந்துக்கு அசிடமினோஃபென் என்று பெயர். டைலினால் என்ற முத்திரையில் புகழ்பெற்றது. பெட்டியின் முன்பக்கத்தைப் படிக்காதீர்கள், அது விளம்பரம். பின்பக்கம் "டிரக் ஃபேக்ட்ஸ்" என்ற கட்டம் இருக்கும். அதன் முதல் வரியில் மருந்தின் பெயரும் அளவும் இருக்கும். கடையின் சொந்தப் பெட்டியிலும் அதே பெயர், அதே அளவு இருந்தால் விலை குறைந்ததை எடுங்கள்.

சளி மருந்துகளில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று விற்கும் பல மருந்துகளிலும் அசிடமினோஃபென் கலந்திருக்கும். அவற்றோடு தனியாகக் காய்ச்சல் மாத்திரையும் போட்டால் ஒரே மருந்தை இரண்டு மடங்கு விழுங்குகிறீர்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பெட்டியில் அதைவிடக் குறைந்த உச்ச அளவு போட்டிருந்தால் அதுவே கணக்கு. தாண்டினால் கல்லீரல் கெடும். மூக்கடைப்புக்கு ஃபெனிலெஃப்ரின் மாத்திரை வாங்க வேண்டாம். வாய்வழி உட்கொண்டால் அது பயன் தருவதில்லை என்று 2023இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழுவே சொன்னது. சூடோஎஃபெட்ரின் என்று கேளுங்கள். பொதுவாக மருந்துச் சீட்டு தேவையில்லை என்றாலும், அடையாள அட்டை காட்டிக் கையெழுத்திட்டால்தான் கொடுப்பார்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதையும் கேட்காமல் வாங்கக் கூடாது.

கேட்பது யாரிடம்? கடையின் கோடியில் வெள்ளை அங்கியுடன் நிற்கும் மருந்தாளுநரிடம். அவர் படித்தவர், பொறுமையாகப் பதில் சொல்வார், அதற்குக் கட்டணம் இல்லை. என் அப்பா செய்த வேலையைச் செய்கிற ஆள் இந்த நாட்டில் இன்னும் இருக்கிறார் என்றால் அது அவர்தான். கூச்சப்படாதீர்கள்.

கடைக்கு வெளியேயும் இதே தொல்லைதான். உணவகத்தில் என்ன ரொட்டி, என்ன பாலாடைக்கட்டி, என்ன சாஸ் என்று வரிசையாகக் கேட்பார்கள். ஒரே ஒரு கோரிக்கையை மனப்பாடம் செய்து எங்கும் அதையே சொல்லுங்கள். பெட்ரோல் பங்கில் 87, 89, 93 என்று பொத்தான்கள் இருக்கும், அவை பெட்ரோலின் ஆக்டேன் எண்கள். உயர்ந்த எண் கட்டாயம் என்று காரின் கையேடு சொல்லாவிட்டால் 87 போதும்.

மருத்துவக் காப்பீடு

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இதில்தான். பற்பசையைத் தப்பாக எடுத்தால் மூன்று டாலர் போகும். காப்பீட்டைத் தப்பாக எடுத்தால் ஆண்டுச் சேமிப்பு போய்விடும். இரண்டையும் ஒரே மாதிரி அலமாரியில் வைத்து, "நீங்களே தேர்ந்தெடுங்கள்" என்று சொல்வது நியாயமில்லை. வேலையில் சேர்ந்தவருக்குப் பல நிறுவனங்கள் கொடுக்கும் கெடு 30 நாள். அதைத் தவறவிட்டால் அடுத்த பதிவுக் காலம் வரை காத்திருக்க நேரலாம். ஆகவே பற்பசையில் மிச்சம் பிடித்த நேரத்தையெல்லாம் இதற்குக் கொடுங்கள்.

ஒவ்வொரு திட்டத்துக்கும் இரண்டு எண்களை எழுதுங்கள். ஓர் ஆண்டில் உங்கள் சம்பளத்திலிருந்து பிடிக்கும் மொத்த பிரீமியம் முதல் எண்; நோயே வராத ஆண்டில் செலவு அவ்வளவுதான். அதோடு "அவுட் ஆஃப் பாக்கெட் மேக்ஸிமம்" என்ற, சிகிச்சைக்காக ஓர் ஆண்டில் உங்கள் கையிலிருந்து போகக்கூடிய உச்சவரம்பைக் கூட்டினால் இரண்டாவது எண். நெட்வொர்க்குக்குள் இருக்கும், அதாவது காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைக்கே போனால், திட்டம் ஏற்கும் சிகிச்சைக்கு மிக மோசமான ஆண்டிலும் செலவு அதைத் தாண்டாது. டிடக்டிபிள் (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நீங்கள் கட்டுவது), கோபே (ஒவ்வொரு முறை போகும்போதும் நீங்கள் கட்டுவது) எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கும் பங்கீடுதான். இரண்டாவது எண்ணை உங்களால் தாங்க முடியுமா என்று பாருங்கள். குழந்தைப்பேறு எதிர்பார்க்கும் குடும்பம் அதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். பிறகு வீட்டுக்கு அருகிலுள்ள மருத்துவமனை நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யுங்கள், எச்.எம்.ஓ. என்ற திட்ட வகையாக இருந்தால் பொதுவாக நெட்வொர்க்குக்கு வெளியே அவசர சிகிச்சைக்கு மட்டுமே பணம் தருவார்கள்.

மற்றப் பொருள்களுக்கு இவ்வளவு யோசனை வேண்டியதில்லை. பற்பசையில் ஃபுளோரைடு இருக்கட்டும். துணி சோப்பில் "எச்.ஈ." என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால் புதுவகை இயந்திரத்துக்கும் ஆகும். ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள். பெரும்பாலான கடைகள் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், காரணம் கேட்டாலும் "எனக்குச் சரிப்படவில்லை" என்று சொன்னால் போதும்.