வன்னியில் சிறிய எஸ்.யு.வி. வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

எந்த வாகனம் என்று முடிவெடுப்பதற்கு முன், வீட்டுப் படலையிலிருந்து தார் வீதி வரைக்குமுள்ள பாதையை ஒருமுறை மாரியிலும் ஒருமுறை கோடையிலும் மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஏ9 வீதியோரம் குடியிருந்து, பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோய் விடுவதற்கும் மாதத்தில் சிலமுறை யாழ்ப்பாணம் போய்வருவதற்கும் வாகனம் தேடுபவருக்கு ஏற்றது, துணுக்காய்க்கும் நெடுங்கேணிக்கும் உள்ளே கிரவல் வீதியிலும் குளக்கட்டிலும் அன்றாடம் ஓடவேண்டியவருக்கு ஏற்காமல் போகலாம். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் காசு அனுப்பும்போது, படத்தைப் பார்த்து அவர்களே வாகனத்தையும் தெரிந்து சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தத் தெரிவை அங்கிருப்பவர்களிடம் விடாமல், ஓட்டப்போகிறவரே பாதையைக் கணக்கிலெடுத்துத் தீர்மானிப்பதே சரியென்பது என் உறுதியான எண்ணம்.

இந்த வகை வாகனங்கள் தோற்றத்தில் ஜீப்பைப் போல உயர்ந்து நின்றாலும் அமைப்பில் அவை கார்களே. உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகச் சேர்ந்த கட்டமைப்பு, பெரும்பாலும் முன்சில்லுகளுக்கு மட்டும் செல்லும் இழுவை, தார் வீதிக்கென்று வடிவமைக்கப்பட்ட டயர் என்பவைதான் இவற்றின் இயல்பு. கிரவல் வீதி, சிறு பள்ளம், மதகடியில் தேங்கிய சிறிதளவு நீர் ஆகியவற்றைச் சிறிய காரைவிட இவை நன்றாகத் தாங்கும். ஆனால் உழவு இயந்திரம் போய்ப் பள்ளமாகிய வயல்பாதையில் மழைக்காலத்தில் இறக்கினால் முன்சில்லு இரண்டும் சேற்றில் சுழலும், வாகனம் நகராது. நாற்சில்லு இழுவை உள்ளதை வாங்கினால் இந்தச் சிக்கல் ஓரளவு குறையும். எனினும் விலையும் எரிபொருட் செலவும் பழுதுபார்க்கும் செலவும் கூடுவதால், வன்னியில் பெரும்பாலான குடும்பங்களுக்கு நாற்சில்லு இழுவையைவிட நிலத்திலிருந்து அடிப்பாகம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே முக்கியம்.

இந்த உயரத்தில் வாகனத்துக்கு வாகனம் கணிசமான வேறுபாடு உண்டு. ஜப்பானியச் சந்தைக்கு வந்த டொயோட்டா ரைஸின் உயரம் 185 மில்லிமீற்றர், யாரிஸ் குரொஸ்ஸின் உயரம் 170 மில்லிமீற்றர். பார்வைக்கு இவற்றைவிட மிடுக்காகத் தெரியும் டொயோட்டா சி-எச்.ஆர். ஹைப்ரிட்டுக்கோ (பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயங்கும் வகை) 140 மில்லிமீற்றர்தான். அது ஒரு சாதாரண காரின் உயரமே. ஐந்து பேர் ஏறி, டிக்கியில் இரண்டு நெல் மூட்டையும் வைத்தால் உள்ள உயரமும் குறைந்துவிடும். ஆகவே வாகனத்தைப் பார்க்கப் போகும்போது அளவுநாடா ஒன்றைக் கொண்டுபோய், ஆட்களை ஏற்றிய பின்னர், எஞ்சினுக்குக் கீழுள்ள பிளாஸ்டிக் மறைப்பிலிருந்து நிலம்வரை அளந்து பாருங்கள். அந்த மறைப்பில் கல் உராய்ந்த கோடுகளும் உடைந்த மூலைகளும் இருந்தால், முன்னைய உரிமையாளர் எப்படிப்பட்ட பாதையில் ஓடினார் என்பதையும் அங்கேயே அறிந்துகொள்ளலாம்.

புதியதா, பாவித்ததா என்ற கேள்விக்கு விடை காண்பதற்குச் சந்தையின் நிலையையும் விளங்கிக்கொள்ள வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டு வெற்றிடத்தால், 2014 முதல் 2019 வரையான வாகனங்கள் வயதுக்கு மீறிய விலையில் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. புதிதாக இறக்கப்படுபவற்றின் விலையில் வரியே பெரும் பங்கு வகிக்கிறது. பெற்றோல், ஹைப்ரிட் வாகனங்களுக்கு எஞ்சின் கொள்ளளவைக் கொண்டே உற்பத்தி வரி கணிக்கப்படுவதால், 996 சி.சி. ரைஸுக்கும் 1496 சி.சி. ஹொண்டா வெசலுக்கும் இடையே வரியிலேயே பெரிய இடைவெளி விழுகிறது. இதற்குமேல் 18 வீத வற் வரியும் உண்டு. வரி விகிதங்கள் வரவுசெலவுத் திட்டத்தோடு மாறக்கூடியவை. ஆகவே முற்பணம் கட்டி வாகனம் வரும்வரை காத்திருப்பவர், வரி கூடினால் அந்தச் சுமை யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

விற்பனையாளர் புதியது என்று சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உற்பத்தி நிறுவனத்தின் உள்நாட்டு முகவர் உத்தரவாதத்தோடு விற்கும் முற்றிலும் புதிய வாகனம். மற்றது, ஜப்பானில் சிலகாலம் ஓடி, ஏலத்தில் எடுக்கப்பட்டு, இலங்கையில் இன்னும் பதியப்படாத வாகனம். இரண்டாவது வகையைக் குறைசொல்வதற்கில்லை. நம் வீதிகளில் நல்ல நிலையில் ஓடும் பல வாகனங்கள் அப்படி வந்தவையே. ஆனால் அதை வாங்குகிறவர் ஏல அறிக்கையைக் கட்டாயம் கேட்க வேண்டும். அதில் வாகனத்துக்குக் கொடுத்த தரம், ஓடிய கிலோமீற்றர், உடலில் எங்கெங்கே கீறலும் நெளிவும் உள்ளன என்ற வரைபடம் ஆகியவை இருக்கும். 4 அல்லது 4.5 தரம் நல்லது. தரத்துக்குரிய இடத்தில் ஆர் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் விபத்தில் அடிபட்டுத் திருத்தப்பட்டது என்று பொருள். விற்பவர் காட்டும் தாளை மட்டும் நம்பாமல், சேஸி இலக்கத்தைக் கொடுத்து இணையத்தில் சுயாதீனமாகச் சரிபார்க்கும் கட்டணச் சேவைகளைப் பயன்படுத்துங்கள். வாகனத்தின் விலையோடு பார்க்கையில் அந்தக் கட்டணம் மிகச் சிறியது.

நம் பகுதியில் அதிகம் கைமாறுவது ஹொண்டா வெசல் என்பதால் அதைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2013 டிசம்பரில் வெளிவந்த முதல் தலைமுறை வெசல் ஹைப்ரிட்டில் ஏழு வேக இரட்டைக் கிளச் கியர்பெட்டி பொருத்தப்பட்டது. அதன் கட்டுப்பாட்டு மென்பொருளில் கோளாறு இருந்ததால் 2014இல் ஜப்பானிலேயே ஹொண்டா அவற்றை மீளழைத்துத் திருத்தியது. மெதுவாக ஊர்ந்து ஊர்ந்து போகும்போது இந்தக் கிளச் சூடேறும். தேய்ந்திருந்தால் அந்தச் சூட்டில்தான் குறை தெரியும். விற்பவரின் முற்றத்திலிருந்து ஏ9இல் ஏறி வேகமாக ஒரு சுற்று ஓடிவந்தால் எதுவும் தெரியாது. அரை மணித்தியாலம் ஓட்டிச் சூடேற்றிய பின்னர், சமதரையான நம் ஊரில் கிடைக்கக்கூடிய ஒரே ஏற்றமான குளக்கட்டுச் சரிவுக்குக் கொண்டுபோய், நடுச்சரிவில் நிறுத்தி, அக்சிலரேற்றரை மெல்ல அழுத்தி ஏற்றிப் பாருங்கள். பிறகு பின்கியரிலும் அதையே செய்யுங்கள். வாகனம் உதறினாலோ, பிடித்துப் பிடித்து இழுத்தாலோ, முகப்பில் கியர்பெட்டி எச்சரிக்கை தோன்றினாலோ, விலை எவ்வளவு குறைந்தாலும் அதை விட்டுவிடுவதே நல்லது. 2021 ஏப்ரலில் வந்த இரண்டாம் தலைமுறை ஹைப்ரிட்டில் இந்தக் கியர்பெட்டி இல்லை. அதில் பெரும்பாலும் மின்மோட்டாரே சில்லைச் சுழற்றுகிறது.

2019 நவம்பரில் அறிமுகமான ரைஸ் இலகுவானது, குறுகலான ஒழுங்கையில் திருப்புவதற்கும் வசதியானது. அதன் 1.0 லீற்றர் எஞ்சின் மூன்று சிலிண்டர் டர்போ ஆகையால் எஞ்சின் ஒயிலைக் காலந்தவறாமல் மாற்றியிருக்க வேண்டும். அதற்கான சேவைப் பதிவில்லாத வாகனத்துக்கு நல்ல விலை கொடுக்க வேண்டியதில்லை. அதன் உயர்ரக வகையில் வரும் 195/60 ஆர்17 டயர் வேறு வாகனங்களில் அரிதாகவே பாவிக்கப்படும் அளவு. எந்த வாகனமானாலும் டயர் அளவைக் குறித்துக்கொண்டு வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ இருக்கும் டயர் கடையில் அது கையிருப்பில் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். ஜப்பானிலிருந்து வருபவற்றில், குறிப்பாக ஹைப்ரிட் வாகனங்களில், மேலதிகச் சில்லுக்குப் பதிலாகக் காற்றடிக்கும் கருவியும் ஒட்டும் திரவமும் மட்டும் இருப்பதுண்டு. ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடையே இரவில் டயர் கிழிந்தால் அந்தத் திரவத்தால் பயனில்லை.

ஹைப்ரிட் வாங்குவோர் தூசியைப்பற்றி நினைக்க வேண்டும். இவற்றின் உயர்மின்னழுத்த மின்கலம் பின்னிருக்கையின் கீழோ டிக்கித் தளத்தின் கீழோ இருக்கும். அதைக் குளிர்விக்கும் காற்றை ஒரு சிறு மின்விசிறி வாகனத்தின் உள்ளிருந்தே இழுக்கும். யன்னலைத் திறந்துவிட்டுக் கிரவல் வீதியில் ஓடிய வாகனத்தில் அந்தக் காற்றுவழியின் வலையில் செம்மண் படிந்து அடைத்துக்கொள்ளும். மின்கலம் சூடேறி ஆயுளை இழக்கும். சி-எச்.ஆரில் அந்த வழி பின்னிருக்கையருகே கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. கைபேசி வெளிச்சத்தை அடித்து, விரலால் தடவிப் பாருங்கள். மாவாக மண் ஒட்டினால் மின்கலத்தைச் சோதிக்காமல் பேரம் பேசக் கூடாது. மின்கலப் பிரிவுகளின் மின்னழுத்தத்தை ஸ்கேனர் வைத்துப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போய், ஒரு பிரிவுக்கும் மற்றதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வாகனத்தைப்பற்றி இப்போது மிகுந்த எச்சரிக்கை தேவை. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நாட்டின் பல மாவட்டங்களில் வாகனங்கள் நீருக்குள் நின்றன. அவை கழுவித் துடைக்கப்பட்டு வேறு மாவட்டங்களில் விலைக்கு வரும். இருக்கைப் பட்டியை முழுவதுமாக வெளியே இழுத்து, சுருளுக்குள் மறைந்திருக்கும் அந்தக் கடைசி முழ நீளத்தைப் பாருங்கள். சேற்றுநீர் ஏறியிருந்தால் துணியின் குறுக்கே மங்கிய பழுப்புக் கோடொன்று இருக்கும், கழுவினாலும் அது எளிதில் போகாது. இருக்கையின் கீழுள்ள தண்டவாள ஆணிகளில் துரு, டிக்கித் தளத்தின் கீழுள்ள குழியில் வண்டல், விளக்குக் கண்ணாடியின் உட்புறத்தில் நீராவிப் படலம், யன்னல்களை மூடி வெயிலில் விட்டபின் கதவைத் திறக்கும்போது வரும் பூஞ்சண நாற்றம் ஆகியவையும் அடையாளங்களே. உள்ளே வாசனைத் திரவியம் அளவுக்குமேல் அடித்திருந்தால் இன்னும் கூர்மையாகப் பாருங்கள். ஹைப்ரிட்டில் வெள்ளநீர் மின்கலத்தைத் தொட்டிருந்தால் அது உயிராபத்தும் ஆகும்.

முல்லைத்தீவு, மன்னார்க் கரைகளில் ஓடிய வாகனமென்றால் கதவின் கீழ்விளிம்பு, சில்லுக்கு மேலுள்ள வளைவு, பிரேக் குழாய்கள் ஆகிய இடங்களில் உப்புக்காற்றின் துருவைத் தேடுங்கள். அடிப்பாகத்துக்குப் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் ஏன் அடித்தார் என்று கேட்க வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பதற்கு நண்பகலைத் தேர்ந்தெடுங்கள். வன்னி வெயிலில் ஏசி குளிர்கிறதா என்பது காலையில் தெரியாது. வானொலியை நிறுத்தி, கிரவல் வீதியில் முப்பது கிலோமீற்றர் வேகத்தில் போனால் சஸ்பென்சன் தேய்வு சத்தமாகவே கேட்கும். முடிந்தால் இரவிலும் ஒருமுறை ஓட்டுங்கள். கட்டாக்காலி மாடுகள் ஏ9இலும் படுத்துக்கிடக்கின்றன, உள்வீதிகளில் யானையும் வருகிறது. மங்கலான முன்விளக்கோடு இங்கே ஓடக் கூடாது.

ஆவணங்களில் அவசரம் கூடவே கூடாது. பதிவுச் சான்றிதழில் உள்ள சேஸி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வாகனத்தில் பொறித்திருப்பதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிதி நிறுவனமொன்றின் பெயர் இருந்தால் லீசிங் இன்னும் முடியவில்லை. விற்பவரின் கையில் காசைக் கொடுக்காமல், நிறுவனத்துக்கே போய் மீதியைக் கட்டி விடுவிப்புக் கடிதத்தைப் பெற வேண்டும். வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், காப்புறுதி ஆகிய மூன்றும் நடப்பில் உள்ளனவா என்றும் பாருங்கள்.

இவற்றைவிட அதிகம் சிக்கல் தருவது, கையெழுத்து மட்டும் போட்ட உரிமைமாற்றப் படிவங்களோடு வாகனம் கைமாறும் ஓப்பன் பேப்பர் வழக்கம். ஒருவர் வாங்கி, பெயர் மாற்றாமலே அடுத்தவருக்கு விற்று, அவரும் அப்படியே விற்று, கடைசியாக வாங்கியவர் பெயர் மாற்றப் போகும்போது முதல் உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பார் அல்லது காலமாகியிருப்பார். இடையில் விபத்தோ குற்றமோ நடந்தால் பொலிஸ் தேடிவருவது பதிவிலுள்ளவரின் வீட்டுக்கு. ஆகவே பதிவிலுள்ள உரிமையாளரை அடையாள அட்டையோடு நேரில் கண்டு, அவர் கண்முன்னே கையெழுத்திடுவதைப் பார்த்து, காசை வங்கி மூலம் கொடுத்து, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உடனடியாகப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். தரகர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் இதில் தளர்வு வேண்டாம்.

லீசிங்கில் வாங்குபவர், மாதத் தவணையை மட்டும் பார்க்காமல் முழுக் காலத்துக்கும் கட்டப்போகும் மொத்தத் தொகையை எழுதித் தரச் சொல்ல வேண்டும். நெல் விற்ற காசில் தவணை கட்டுபவருக்கு மாதத் தவணை பொருந்தாது; அறுவடையை ஒட்டிய தவணைமுறை தருவார்களா என்று கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. காப்புறுதி எடுக்கும்போது வெள்ளம், புயல் போன்ற இயற்கை அனர்த்தங்கள் அதில் அடங்குகின்றனவா, மிருகம் மோதிய சேதத்துக்கு இழப்பீடு உண்டா என்ற இரண்டையும் கேட்டு, பதிலைப் பத்திரத்திலேயே காட்டச் சொல்லுங்கள்.

வாகனம் கைக்கு வந்ததும், விற்றவர் என்ன சொல்லியிருந்தாலும், எஞ்சின் ஒயில், ஒயில் பில்டர், காற்று பில்டர், ஏசி பில்டர், பிரேக் திரவம் ஆகியவற்றை மாற்றி, அன்றைய கிலோமீற்றரை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கோடையில் கிரவல் வீதியில் ஓடும் வாகனத்துக்குக் காற்று பில்டரைக் கையேட்டில் சொன்ன இடைவெளியின் பாதியிலேயே கழற்றிப் பார்ப்பது நல்லது. மேலதிகச் சில்லு இல்லையென்றால் அதே கிழமையில் ஒன்று வாங்கி, ஜாக்கியோடு டிக்கியில் வையுங்கள்.