கைக்கெட்டும் பொருள்களில் டிராமிசு: வடசென்னைச் சமையலறைக்கு ஒரு செய்முறை

இத்தாலியின் வடகிழக்கே உள்ள ட்ரெவிசோ நகரில், லே பெக்கெரியே என்ற உணவகத்தில், 1970களின் தொடக்கத்தில், காபியில் தோய்த்த பிஸ்கட்டையும் க்ரீமையும் அடுக்கிக் குளிரவைக்கும் டிராமிசு என்ற இனிப்பு உருவானதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்த மூலச் செய்முறையில் இருப்பவை ஆறே பொருள்கள்: மஸ்கார்போனே என்ற கெட்டியான பாலாடைப் பொருள், சவோயார்டி என்ற விரல் நீள பிஸ்கட், முட்டையின் மஞ்சள்கரு, சர்க்கரை, காபி, கோகோ. மதுவும் அதில் இல்லை, வெள்ளைக்கருவும் இல்லை. ஆகவே ரம் எசென்ஸ் தேடி அலைய வேண்டியதில்லை. அதைச் சேர்த்தால் காபியின் மணம் கெடுவதுதான் மிச்சம்.

வண்ணாரப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ குடியிருப்பவருக்கு முட்டையும் சர்க்கரையும் காபிப் பொடியும் தெருமுனையிலேயே கிடைத்துவிடும். இனிப்புச் சேர்க்காத கோகோ பாரிமுனைப் பக்கத்தில் கேக் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். மஸ்கார்போனேக்கும் சவோயார்டிக்கும் மட்டுமே மாற்று தேட வேண்டும். அந்த மாற்றைப் பெயரையோ தோற்றத்தையோ பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மூலப் பொருள் அந்த இனிப்பில் என்ன வேலை செய்கிறதோ அதே வேலையைச் செய்யும் பொருளாக அது இருக்க வேண்டும். ரொட்டியில் தடவும் சீஸ் வகைகளைப் போட்டுச் செய்யும் டிராமிசு உப்புக் கரிப்பதற்கு இதைக் கவனியாததே காரணம்.

மஸ்கார்போனே புளிக்காத, உப்பில்லாத, கொழுப்பு மிகுந்த பொருள். க்ரீமைச் சூடாக்கி, சிறிது அமிலம் சேர்த்து, நீரை வடித்தால் அது கிடைத்துவிடும் என்பதால், இதை வீட்டில் செய்துகொள்வதே எல்லா மாற்றுகளிலும் சிறந்தது என்பேன். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுப் பயன்படுத்துவோர் உண்டு; எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அதன் புளிப்பு காபியோடு இசையாது. பனீரை அரைத்துச் சேர்த்தால் நாக்கில் மணல் போல் நெருடும். ஆவின் ஆரஞ்சு பாக்கெட் போன்ற நிறைகொழுப்புப் பாலில்கூட 6 சதவீதக் கொழுப்புதான் இருக்கிறது. அதைத் திரித்தால் புரதம் இறுகிப் பனீராகிவிடுகிறது. 25 சதவீதக் கொழுப்புள்ள ஃபிரெஷ் க்ரீமிலோ கொழுப்பு இடையில் நின்று அந்த இறுக்கத்தைத் தடுப்பதால், கிடைப்பது வழவழப்பாக இருக்கிறது. நெய்க்காகப் பல நாள் சேர்த்து வைக்கும் பாலேட்டை இதற்கு எடுக்க வேண்டாம். அதில் ஏற்கெனவே புளிப்பு வாடை ஏறியிருக்கும்.

அரை லிட்டர் ஃபிரெஷ் க்ரீமை அடி கனத்த பாத்திரத்தில் ஊற்றி, மிதமான தீயில் கிளறிக்கொண்டே சூடாக்குங்கள். ஓரங்களில் சிறு குமிழ்கள் தோன்றி ஆவி எழும் நிலை ஏறக்குறைய 85 டிகிரி செல்சியஸ். கொதிக்க விடக் கூடாது. அப்போது வடிகட்டிய எலுமிச்சைச் சாறு 15 மில்லியை, அதாவது ஒரு மேசைக்கரண்டியை, சிறிது சிறிதாகச் சேர்த்து, அதே சூட்டில் ஐந்து நிமிடம் மெல்லக் கிளறுங்கள். பால் திரிவதைப் போல் கட்டி கட்டியாகப் பிரியாது. கரண்டியின் பின்புறத்தில் படியும் அளவுக்குச் சற்றே தடிக்கும், அவ்வளவுதான். திரியவில்லையே என்று மேலும் எலுமிச்சை பிழிவதுதான் பெரும்பாலும் இதைக் கெடுக்கிறது. நன்றாக ஆறிய பிறகு, கொதிநீரில் அலசிய மெல்லிய பருத்தித் துணியை இரண்டாக மடித்து வடிதட்டில் விரித்து, அதில் ஊற்றி, கீழே ஒரு பாத்திரம் வைத்து, ஃபிரிட்ஜுக்குள் ஓர் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். நம் ஊர் வெக்கையில் இதை வெளியே தொங்கவிடுவது பாதுகாப்பன்று. மறுநாள் ஏறக்குறைய 300 கிராம் கெட்டியான க்ரீம் துணியில் நிற்கும். கடையில் விற்கும் மஸ்கார்போனேயை விடச் சற்று இளகலாக இருந்தாலும் சுவையில் குறை இராது.

சவோயார்டியின் வேலை, காபியை உறிஞ்சிக்கொண்டு உருக்குலையாமல் நிற்பது. முட்டையை நுரைக்க அடித்துச் செய்வதால் அதில் காற்றறைகள் மிகுதி, கொழுப்பு குறைவு. அதே காரணத்தால், பேக்கரியில் கிடைக்கும் க்ரீம் தடவாத ஸ்பாஞ்ச் கேக் மிக நல்ல மாற்று. அதை விரல் பருமனுக்கு இருபது துண்டுகளாக வெட்டி, 150 டிகிரி ஓவனில் இருபது நிமிடமோ, ஓவன் இல்லையெனில் தோசைக்கல்லில் மிகச் சிறு தீயில் திருப்பித் திருப்பியோ, ஈரம் போக உலர்த்திக்கொள்ளுங்கள். வெண்ணெய் கேக் இதற்கு ஒத்து வராது. அதிலுள்ள கொழுப்பு காபியை உள்ளே விடாது. அடுக்கடுக்காகக் கொழுப்பு சேர்த்துச் செய்யும் வர்க்கிக்கும் அதே குறை உண்டு. பொறை டீயில் நனைத்துத் தின்ன எவ்வளவு அருமையாக இருந்தாலும், அதன் ஈஸ்ட் வாசனை இந்த இனிப்பில் தனித்துத் தெரியும். ஸ்பாஞ்ச் கிடைக்காதபோது பால் ரஸ்க் கைகொடுக்கும்; ஏலக்காய் சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள்.

காபிக்கு நம் பித்தளை ஃபில்டரே போதும். 50 கிராம் பொடிக்கு 300 மில்லி கொதிநீர் ஊற்றினால் ஏறக்குறைய 200 மில்லி கெட்டி டிகாக்‌ஷன் இறங்கும். சிக்கரி அதிகமுள்ள பொடி கறுப்பாக இறங்கினாலும் காபி மணம் குறைவாகவும் கசப்பு கூடுதலாகவும் இருக்கும் என்பதால், சிக்கரி கலவாததோ 20 சதவீதத்துக்கு மிகாததோ நல்லது. ஒரு தேக்கரண்டி சர்க்கரை கலந்து முழுவதும் ஆற விடுங்கள். சூடான டிகாக்‌ஷனில் ஸ்பாஞ்ச் கரைந்துவிடும்.

அடுத்தது முட்டைக் கலவை. நான்கு மஞ்சள்கரு, 80 கிராம் பொடித்த சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி பால் ஆகியவற்றை ஒரு கிண்ணத்தில் சேர்த்து, கொதிக்கும் நீர்ப் பாத்திரத்தின் மேல், அடி நீரில் படாமல் வைத்து, கைவிடாமல் அடியுங்கள். பச்சை முட்டையை அப்படியே சேர்க்கும் வழக்கம் இத்தாலியில் உண்டு. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் முதியோரும் உண்ணும் வீட்டில் அதை நான் ஏற்கமாட்டேன். சமையல் வெப்பமானி 71 டிகிரி காட்டும் வரை சூடாக்கி, பிறகு இறக்கி, வெளிர்ந்து தடிக்கும் வரை அடித்து ஆற வையுங்கள். முட்டை சேர்க்காத வீடுகளில், 150 மில்லி பாலில் ஒரு மேசைக்கரண்டி சோளமாவையும் மேலே சொன்ன அதே 80 கிராம் சர்க்கரையையும் கரைத்துக் கெட்டியாகக் காய்ச்சி, ஆறிய பின் பயன்படுத்தலாம். அப்போது துண்டுகளுக்கும் முட்டையில்லா ஸ்பாஞ்சோ பால் ரஸ்க்கோ பார்த்து வாங்க வேண்டும். நிறமும் மணமும் ஏற்றிய கஸ்டர்ட் பவுடர் வேண்டாம்.

வடித்து வைத்த க்ரீமை முதலில் தனியே கரண்டியால் மசித்து இளக்கிக்கொண்டு, ஆறிய முட்டைக் கலவையை மூன்று தவணையாக, கீழிருந்து மேலாக மடித்துக் கலக்குங்கள். மிக்ஸியில் போட்டால் கொழுப்பு பிரிந்து வெண்ணெயாகத் திரண்டுவிடும்.

அகலமான எவர்சில்வர் டப்பாவே போதும். கண்ணாடிப் பாத்திரத்தை விட அது விரைவில் குளிர்ந்துவிடும். ஸ்பாஞ்ச் துண்டைப் பக்கத்துக்கு ஒரு விநாடி மட்டும் டிகாக்‌ஷனில் தோய்த்து எடுங்கள். அடர்த்தியான ரஸ்க்குக்குப் பக்கத்துக்கு மூன்று விநாடி வேண்டும். உடைத்துப் பார்த்தால் நடுவில் சிறிது உலர்ந்திருப்பதே சரியான பதம். மீதி ஈரத்தை அது க்ரீமிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஓர் அடுக்கு துண்டுகள், அதன் மேல் பாதி க்ரீம், மீண்டும் துண்டுகள், மீதிக் க்ரீம் என்று பரப்பி, காற்றுப் புகாமல் மூடுங்கள். கொழுப்பு அக்கம்பக்கத்து வாசனையை எளிதில் பிடித்துக்கொள்ளும் என்பதால், காசிமேட்டு மீன் இருக்கும் ஃபிரிட்ஜில் இந்த மூடி மிக அவசியம். கதவோரம் வைக்காமல் உட்புறத் தட்டில் எட்டு மணி நேரமாவது வையுங்கள். கோடையில் மின்சாரம் போனால், வரும் வரை ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள்.

கோகோவை முன்னதாகத் தூவினால் ஈரம் இழுத்துத் திட்டுத் திட்டாகிவிடும். பரிமாறும்போது டீ வடிகட்டியால் மெல்லத் தூவினால் போதும். மே மாத வெயிலில் இது மேசையில் நெடுநேரம் தாங்காது என்பதால், வேண்டிய துண்டுகளை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு டப்பாவை உடனே உள்ளே வைத்துவிடுங்கள். மீந்ததை இரண்டு நாளுக்குள் உண்டுவிட வேண்டும்.