7ஏ எடுத்த புள்ளைக்கு என்னாச்சு?

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல நான் ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். பரிட்சையில 7ஏ (ஏழு பாடத்துலயும் ஏ) எடுத்தப்போ எங்க தோட்டத்து சனமே கொண்டாடுச்சு, படிக்காமலே பாஸாகுற மூளைன்னாங்க, ஆனா பல்கலைக்கழகத்துக்கு முந்தின எஸ்.டி.பி.எம். படிப்பு வந்ததும் கணக்கு சட்டுனு புரியல, புஸ்தகத்த மூடிடுவேன். அம்மா சோம்பேறின்னு திட்டுனாங்க, அது சோம்பல் இல்ல, பயம். 1998ல முல்லர், டுவெக்னு ரெண்டு உளவியல் ஆய்வாளருங்க செஞ்ச ஆய்வுல, கெட்டிக்காரன்னு புகழ்ந்த புள்ளைங்க கஷ்டமான புதிர்ல தோத்ததும் சீக்கிரம் சோர்ந்துட்டாங்க, முயற்சிய புகழ்ந்தவங்க விடாம செஞ்சாங்க.

எனக்கு கைகொடுத்தது மாமாவோட மோட்டார் கடை. அங்க என் 7ஏ யாருக்கும் வேணாம், கார்புரேட்டர தப்பா மாட்டுனா கழட்டி திரும்ப மாட்டணும், அவ்ளோதான் (மாமா கத்துவாரு, அது வேற கதை). அப்புறம் கணக்கையும் அப்படியே தப்பா போட்டு, அடிச்சு, பக்கத்துலயே திரும்பப் போட ஆரம்பிச்சேன், மார்க் பாக்காம. இப்போ டிப்ளோமா போய்க்கிட்டிருக்கு, சில நாள் இன்னும் புஸ்தகத்த மூடத்தான் தோணும் லா.