புது மீன் பச்சை பிடிக்கும்வரை செய்யக் கூடாதவை

நடவு முடிந்த வயலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாற்றங்காலில் தளதளவென்று நின்ற பயிர், பறித்து நட்ட மறுநாள் வெளுத்துத் தலை சாய்ந்திருக்கும். பச்சை பிடிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் பதறிப்போய் யாரும் அதைப் பிடுங்கி வேறு வயலில் நடுவதில்லை. கடையிலிருந்து வாங்கி வரும் கப்பி, ஏஞ்சல் போன்ற தொட்டி மீன்களுக்குத்தான் அந்த அவகாசத்தை நாம் கொடுப்பதில்லை.

என் முதல் தொட்டியைக் கும்பகோணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கினேன். காலையில் தண்ணீர் நிரப்பி, மாலையில் பன்னிரண்டு மீன்களை விட்டேன். நான்காம் நாள் மூன்று மீன்கள் செத்து மிதந்தன. "கண் பட்டிருக்கும் மாப்பிள்ளை, தொட்டிக்கும் சேர்த்துச் சுற்றிப் போடச் சொல்லுங்கள்" என்றார் மாமியார். நான் அதைவிட மோசமான காரியத்தைச் செய்தேன். தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டினேன். கற்களையும் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவினேன். மிச்சமிருந்தவையும் அந்த வாரத்திலேயே போய்விட்டன.

மீனின் செவுள் வழியாகவும் கழிவிலிருந்தும் அம்மோனியா ஓயாமல் தண்ணீரில் சேர்கிறது. அது மீனுக்கு விஷம். ஸ்பாஞ்சிலும் கற்களிலும் குடியேறும் ஒருவகை பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட் ஆக்குகின்றன. அதுவும் விஷம்தான். வேறொரு கூட்டம் அதை அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட் ஆக்குகிறது. வயலில் போட்ட யூரியாவிலிருந்து வரும் அம்மோனியாவை மண்ணில் மாற்றுகிற கூட்டத்தின் பங்காளிகள்தாம் இவை. புதுத் தொட்டியில் இவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நான் குழாயடியில் கழுவிக் கொட்டியது, அப்போதுதான் குடியேறத் தொடங்கியிருந்த அந்தக் கூட்டத்தைத்தான்.

ஆகவே, மீன் விடும் முன் சில வாரம் ஏர் பம்பும் ஃபில்டரும் ஓடட்டும். தினமும் ஒரு சிட்டிகை தீவனம் போட்டால் அது அழுகி பாக்டீரியாவுக்கு உணவாகும். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஊறிய ஸ்பாஞ்ச் துண்டு ஒன்று கேட்டு வாங்கி வைத்தால் இன்னும் சீக்கிரம் முடியும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி விளிம்புவரை 56 லிட்டர் பிடிக்கும்; கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 45 லிட்டர்தான் தேறும். முதலில் இரண்டு மூன்று சின்ன மீன்கள் போதும். ஸ்பாஞ்சை அலச வேண்டியிருந்தால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

அடுத்த தவறு பையில். சித்திரை வெயிலில் வண்டிக் கைப்பிடியில் தொங்கி வந்த பையை வீட்டுக்கு வந்ததும் அப்படியே தொட்டியில் கவிழ்க்கிறோம். விளக்கை அணைத்துவிட்டு, கட்டிய பையைக் கால் மணி நேரம், இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். பிறகு பிரித்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் ஊற்றுங்கள். நான்கைந்து முறை ஊற்றியதும் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகவே கூடாது.

பார்சலில் ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்து வந்த மீனுக்கு இந்த நிதானம் ஆகாது. மூடிய பையில் மீன் விடும் கரியமில வாயு தண்ணீரைச் சற்றே அமிலமாக்கி, சேர்ந்த அம்மோனியாவின் வீரியத்தை அடக்கி வைத்திருக்கும். பையைப் பிரித்ததும் வாயு வெளியேறும், அம்மோனியா விழித்துக்கொள்ளும். அத்தகைய பையில் வெப்பம் சமமானதும் தாமதிக்காமல் மீனை மாற்றிவிட வேண்டும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாளியில் 24 மணி நேரம் திறந்து வையுங்கள். மொட்டை மாடி டேங்க்கில் மதியம் கொதிக்கும் தண்ணீரை நேராகத் தொட்டியில் பிடிப்பது மீனை வேகவைப்பதுதான். வாய்க்கால் தண்ணீர் வேண்டவே வேண்டாம்; வயலில் அடித்த பூச்சிமருந்து அதில் வடிந்திருக்கும். போர் தண்ணீர் பல ஊர்களில் கடினநீர், வேதாரண்யம் பக்கம் உப்பும் ஏறியிருக்கும். அந்தத் தண்ணீரோடு மல்லுக்கட்டாமல் மீனை மாற்றுங்கள். கப்பி, மோலி, பிளாட்டிக்குக் கடினநீர் பிடிக்கும். மோலி ஓரளவு உப்பையும் தாங்கும். அமேசான் காட்டு மென்னீரிலிருந்து வந்த நியான் டெட்ராவை அங்கே வாங்குவது வீண் செலவு.

முதல் நாள் தீவனம் வேண்டாம். பிறகும் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான். விருந்தாளி வீட்டுப் பிள்ளைகள் பொரியோடு தொட்டியருகே வந்தால் ஒரு கண் வைத்திருங்கள்.

ஏற்கெனவே மீன் உள்ள தொட்டியில் புதியதை நேராகச் சேர்ப்பதும் தவறு. தனி வாளியில், ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு, இரண்டு மூன்று வாரம் வைத்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் திடீரென்று குளிரும்போது ஒட்டுண்ணி தொற்றி, உடம்பில் ரவை தூவியதுபோல் வெண்புள்ளி கிளம்பும். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்திவிடுகிறோம், ஒட்டுண்ணியோ தொட்டியடியில் பெருகிக்கொண்டிருக்கும். அது நீரில் தனியாக நீந்தும் கட்டத்தில்தான் மருந்து வேலை செய்யும் என்பதால், சீட்டில் எழுதிய நாள்வரை கொடுக்க வேண்டும்.

மின்சாரம் போனால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடும். குவளையில் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது எங்கள் வீட்டில் முறை வைத்து ஊற்றினோம். இப்போது பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று அலமாரியில் இருக்கிறது.

வளர்ந்து தொட்டிக்கு அடங்காமல் போன மீனை வாய்க்காலிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரும். அப்படி வெளியே விடப்பட்டுத்தான் நம் நீர்நிலைகளில் அது பெருகி, வலையைக் கிழித்து மீனவர்களைத் திண்டாட வைக்கிறது. வாங்கிய கடையிலேயே கேளுங்கள், பல கடைக்காரர்கள் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.