போதை மீட்புக் கவுன்சலிங்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியிலிருந்தும் மற்ற போதைகளிலிருந்தும் மீள உதவும் வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம் நல்ல மனத்துக்குக் குறைவே இருப்பதில்லை. சமூகப்பணி படித்தவர்கள், உளவியல் படித்தவர்கள், தாங்களே குடியிலிருந்து மீண்டவர்கள், அப்பா குடித்து அழிந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் என்று பலரும் வருகிறார்கள். இங்கே பெரிய சேதங்களுக்குக் காரணம் பெரும்பாலும் அவசரம்தான். எதிரே உட்கார்ந்திருப்பவரின் உடல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிடுகிறோம். அவர் பேசி முடிப்பதற்குள் அறிவுரைக்குப் போய்விடுகிறோம்.

2019-இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி இந்தியாவில் மதுவால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுபவர்கள் சுமார் 5.7 கோடி பேர். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார்கள். வாசல் வரை வந்து சேர்பவர்கள் இவ்வளவு குறைவு. அவர்களையும் நம் கையால் திருப்பி அனுப்பக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உடலைப் பார்க்காமல் பேச்சைத் தொடங்குவது

முதல் தவறும், உயிரையே வாங்கக்கூடிய தவறும் இதுதான். தினமும் குடிப்பவர் ஒருவர் கண்ணீரோடு "இனிமே தொடவே மாட்டேன் சார், இன்னையோட விட்டுட்டேன்" என்கிறார். புதிய கவுன்சலர் நெகிழ்ந்துபோய், பாராட்டி, அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பிவிடுகிறார். பல வருடமாகத் தினமும் அதிகம் குடித்த உடல் திடீர் நிறுத்தத்தைத் தாங்காது. கடைசிக் குடிக்குப் பிறகு ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள், இல்லாத ஆட்களோடு பேசுவார்கள், இருக்கும் இடமே தெரியாது. இந்த நிலைக்குச் சிகிச்சை கிடைக்காவிட்டால் மரணம் வரை போகும்.

தமிழ்நாட்டில் கோயிலில் கயிறு கட்டிக் குடியை நிறுத்துவதும், மாலை போட்டு நிறுத்துவதும் சாதாரணம். அந்த நம்பிக்கை பலருக்கு உண்மையான பலம் தருகிறது, அதை யாரும் கிண்டல் செய்யக் கூடாது. ஆனால் தினமும் குடித்துக்கொண்டிருந்தவர் கயிறு கட்டிய மூன்றாம் நாள் உளறினால், பேய் பிடித்துவிட்டது, சாமி குத்தம் என்று வீட்டில் நினைக்கிறார்கள். அது மருத்துவ அவசரம். அதைக் குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது கவுன்சலர். கயிறு கட்டப் போகிறவரிடம் "போறதுக்கு முன்னாடி டாக்டரைப் பாத்துடுங்க" என்று சொன்னால் போதும், நம்பிக்கையும் கெடாது, உயிரும் தப்பும்.

ஆகவே முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை: கடைசியாக எப்போது குடித்தீர்கள்? காலையில் எழுந்ததும் கை நடுங்குமா, நடுக்கம் நிற்கக் குடிக்க வேண்டியிருக்கிறதா? முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா? தூக்க மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா? தூக்க மாத்திரைகளில் பலவற்றைத் திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பு வரும். முன்பு வலிப்பு வந்தவர் என்றால் அன்றைக்குக் கவுன்சலிங் வேண்டாம், நேராக மருத்துவர்தான். நடுக்கத்தோடு இருப்பவரைத் தெருமுனைக் கிளினிக்கில் "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று அனுப்பும் வழக்கமும் உண்டு. நீண்ட நாள் குடித்தவர்களுக்குத் தயமின் என்ற பி1 வைட்டமின் குறைந்துபோயிருக்கும். அதைத் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படும் ஆபத்து இருக்கிறது. ஊசி போடுவது நம் வேலையில்லை. அதைத் தெரிந்த மருத்துவரிடம் அனுப்புவது நம் வேலை.

"கொஞ்சம்தான் சார்"

எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டால் வரும் பதில் இது. இதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது ஒரு தவறு, பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டுவது இன்னொரு தவறு. அவருடைய நண்பர்களோடு ஒப்பிட்டால் அவருக்கு அது கொஞ்சமாகவே இருக்கலாம். கடையில் வாங்கும் அளவில் கேளுங்கள். கட்டிங்கா, குவாட்டரா, ஆஃபா? தனியாகவா, பங்கு போட்டா? சம்பள நாளில் எவ்வளவு, மற்ற நாளில் எவ்வளவு? ஒரு குவாட்டர் என்பது 180 மில்லி. 30 மில்லி பிராந்தியில் ஏறக்குறைய 10 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது, அதை ஒரு யூனிட் என்று வைத்தால் ஒரு குவாட்டர் ஆறு யூனிட். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒரு பாட்டில் சுமார் நான்கு யூனிட் வரும். "நான் பீர் மட்டும்தான்" என்பவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் அவரே கொஞ்ச நேரம் யோசிப்பார்.

குடி எந்த அளவுக்குப் பிரச்சினையாகியிருக்கிறது என்று அளக்க உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் (AUDIT) கேள்வித்தாள் பத்துக் கேள்விகள்தான், மொத்த மதிப்பெண் 40. எட்டும் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டிய குடி. ஆனால் அதைத் தேர்வுத்தாள் போல வாசித்துக்கொண்டே போகாதீர்கள். பேச்சின் ஊடே கேட்டால்தான் உண்மை வரும்.

மோதி ஜெயிக்கப் பார்ப்பது

நம் ஊர் மறுவாழ்வு மையங்களில் இன்னும் ஆழமாக ஊறியிருக்கும் தவறு இது. தனக்குப் பிரச்சினையே இல்லை என்னும் குடிப்பவரின் "மறுப்பை" உடைக்க வேண்டும், அவமானப்பட்டால்தான் திருந்துவார் என்ற எண்ணம். 1958-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய சினனான் என்ற அமைப்பு, ஒருவரை நடுவில் உட்காரவைத்து எல்லோரும் கத்தித் திட்டுவதையே சிகிச்சையாக நடத்தியது. அந்த முறை அங்கிருந்து பல நாடுகளின் மையங்களுக்குப் பரவியது. நம் ஊருக்கு அந்தப் பாடம் புதிதாகத் தேவைப்பட்டிருக்காது, திட்டித் திருத்துவதில் நமக்கு ஏற்கெனவே நம்பிக்கை அதிகம்.

இது பலிக்கிறதா? நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் வில்லியம் மில்லரும் உடன் பணியாற்றியவர்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எவ்வளவுக்கு எவ்வளவு மோதினாரோ, ஒரு வருடம் கழித்து அவ்வளவுக்கு அவ்வளவு அந்த நபர் அதிகமாகக் குடித்திருந்தார். இந்த ஒரு முடிவைப் பயிற்சியின் முதல் நாளே எல்லோருக்கும் சொல்லித்தர வேண்டும் என்று நினைக்கிறேன்.

பேச்சில் இது எப்படித் தெரியும்? ஒருவர் எரிச்சலோடு சொல்கிறார்: "என் காசுல நான் குடிக்கிறேன், உங்களுக்கு என்ன?" உடனே நம் வாயில் வருவது: "பொண்டாட்டி புள்ளைங்களை நெனச்சுப் பாத்தீங்களா?" அவர் அதை ஆயிரம் முறை கேட்டிருக்கிறார். பதிலும் தயாராக வைத்திருக்கிறார். அதற்குப் பதிலாக, "இங்க வந்ததே உங்களுக்குப் பிடிக்கல. யாரோ சொல்லித்தான் வந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். "ஆமா சார், மச்சான்தான் இழுத்துட்டு வந்தான். வேலைக்கு நாலு நாள் போகல, அதுக்குப் போய் இவ்ளோ பெரிய பஞ்சாயத்து." இப்போது கதவு திறந்திருக்கிறது. "வேலை போயிடக் கூடாதுன்னு உங்களுக்கும் இருக்கு" என்று சொன்னால், நிறுத்துவதற்கான காரணத்தை அவர் வாயாலேயே சொல்ல ஆரம்பிப்பார். மாற்றத்துக்கான பேச்சு அவரிடமிருந்து வர வேண்டும். நாம் மாற்றத்துக்காக வாதாடினால் அவர் குடிக்காக வாதாட வேண்டிய இடத்துக்குத் தள்ளப்படுகிறார்.

படிக்கும்போது இது எளிதாகத் தெரியும். உட்கார்ந்து செய்யும்போது நாக்கு தானாக அறிவுரைக்கு ஓடும். ஒலிப்பதிவு செய்து, நோயாளியின் சம்மதத்தோடுதான், மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து கேட்டால் மட்டுமே இந்தப் பழக்கம் மாறும்.

மீண்டவர்களின் அனுபவம்

குடியிலிருந்து மீண்டு கவுன்சலரானவர்கள் இந்தத் துறையின் பெரிய சொத்து. வார்டில் புதிதாகச் சேர்ந்தவர் யாரையும் நம்பாத நேரத்தில் இவரை நம்புவார். அதே அனுபவம் கண்ணை மறைக்கும் சமயமும் உண்டு. "நான் ஒரே நாள்ல விட்டேன், உன்னால முடியாதா?" என்பது ஒன்று. தனக்கு ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற, குடியிலிருந்து மீள்பவர்களின் கூட்டம் உதவியது என்பதால் மருந்து எடுப்பவரைப் பார்த்து "மாத்திரையும் போதைதான்" என்று சொல்லிவிடுவது இன்னொன்று. குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகளும், ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதைக்குத் தரப்படும் புப்ரெனார்ஃபினும் ஆய்வுகளால் பயன் நிரூபிக்கப்பட்டவை. கவுன்சலர் சொன்ன ஒரு வார்த்தையால் மருந்தை நிறுத்தியவர்கள் உண்டு. மருந்தைப் பற்றிய சந்தேகம் எதுவாக இருந்தாலும் மருத்துவரிடம் கேளுங்கள், நோயாளியிடம் சொல்லாதீர்கள்.

மறைத்துக் கலக்கச் சொல்வது

"அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலக்க ஏதாவது இருக்கா மேடம்?" மனைவிமார் கேட்கும் கேள்வி இது. அவர்களுடைய தவிப்பு புரிகிறது. ஆனால் குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்ஃபிரம் மாத்திரை எடுப்பவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும். இதயம் பலவீனமானவருக்கு அது உயிருக்கே ஆபத்து. கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரை இந்த எதிர்வினை வரலாம். முழுதாகத் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் பார்வையில் எடுக்க வேண்டிய மருந்து அது. விளம்பரத்தில் வரும் பெயர் தெரியாத பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கேட்கும் மனைவியை "முடியாது" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அவர் அடி வாங்குகிறாரா, பிள்ளைகள் பாதுகாப்பாக இருக்கிறார்களா, அவர் தூங்குகிறாரா என்று கேளுங்கள். கணவர் வராவிட்டாலும் அவருக்குத் தனியாக உதவி தரலாம்.

கட்டாயம், சங்கிலி, போட்டோ

இரவில் வேன் அனுப்பி ஆளைத் தூக்கிவரும் மையங்கள் இருக்கின்றன. மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனநிலைப் பாதிப்புகளையும் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. சம்மதமில்லாத சேர்க்கைக்குப் பரிசோதனையும் நடைமுறையும் உண்டு. சங்கிலியால் கட்டுவதை 95-ஆம் பிரிவு எந்த வடிவிலும் தடைசெய்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்த பிறகும், கட்டிவைப்பதை "பாதுகாப்புக்காக" என்று சொல்பவர்களைப் பார்த்தால் மனம் கொதிக்கிறது. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் இது நடந்தால், உங்கள் கவுன்சலிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை.

நோயாளிகளின் போட்டோவை வாட்ஸப்பில் போடுவது, அவர் வேலை செய்யும் கடைக்காரரிடம் விவரம் சொல்வது எல்லாம் ரகசியத்தை மீறுவதுதான். சின்ன ஊரில் ஒருவருடைய பெயர் ஒரே நாளில் கெட்டுவிடும்.

மறுபடி குடித்தவரைத் தண்டிப்பது

ஆறு மாதம் நிறுத்தியிருந்தவர் ஒரு கல்யாண வீட்டில் குடித்துவிட்டார். "இவ்ளோ நாள் பட்ட பாடெல்லாம் போச்சே" என்று நாம் சொன்னால், அவரும் எல்லாம் போய்விட்டது என்று நினைத்து முழுதாகக் குடிக்கத் திரும்புவார். ஒரு சறுக்கலை முழு விழுகையாக மாற்றுவது பெரும்பாலும் அந்தக் குற்ற உணர்வுதான் என்று மறுபடி வீழாமல் தடுக்கும் சிகிச்சையை உருவாக்கிய ஆலன் மார்லட் விளக்கியிருக்கிறார். எங்கே, யாரோடு, அதற்கு முந்தைய மணி நேரத்தில் மனத்தில் என்ன ஓடியது என்று நிதானமாகக் கேளுங்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்றும் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உருவாவதில்லை.

வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்கள் விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை தேவை. சில வாரம் நிறுத்தியபின் உடலின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். பழைய அளவையே மறுபடி ஏற்றினால் மூச்சு நின்றுபோகலாம். மையத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் இதை அவரிடமும் வீட்டாரிடமும் சொல்லாமல் விடுவது பெரும் தவறு.

பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது

வார இறுதி வகுப்பு, ஒரு சான்றிதழ், அடுத்த திங்கள்கிழமை வார்டு என்று தொடங்குபவர்கள் நிறைய. பணம் கட்டுவதற்கு முன் நாலு விஷயம் கேட்டுவிடுங்கள். நோயாளிகளோடு மேற்பார்வையில் எத்தனை மணி நேரம் தருவார்கள்? உங்கள் பேச்சைக் கேட்டுத் திருத்த ஒரு மூத்தவர் இருப்பாரா? போதையை நிறுத்தும்போது உடலில் வரும் விலகல் அறிகுறிகளைப் பற்றி மருத்துவர் வந்து வகுப்பெடுப்பாரா? படிப்பு முடிந்த பிறகும் சிக்கலான கேஸ் வந்தால் யாரைக் கூப்பிடலாம்? ஆசிய-பசிபிக் நாடுகளின் கூட்டமைப்பான கொழும்புத் திட்ட அமைப்பு உருவாக்கிய உலகளாவிய சிகிச்சைப் பாடத்திட்டம் பல நாடுகளில் கற்பிக்கப்படுகிறது, அதையொட்டிய சான்றிதழும் உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய அறக்கட்டளையின் டிடிகே மருத்துவமனை, பெங்களூருவில் உள்ள மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் ஆகியவற்றில் இந்தத் துறையில் நீண்ட அனுபவம் இருக்கிறது. எங்கே படித்தாலும், தனியாக வேலை செய்ய ஆரம்பித்த பிறகும் வாரத்துக்கு ஒருமுறை கேஸ்களை மற்றவரோடு பேசும் ஏற்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பக்கத்து மையத்தில் வேலை செய்யும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, பெயர் சொல்லாமல், நீங்களே அதைத் தொடங்கலாம்.